ஒரு வரியில் எட்டுப் பேர்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபத்து மூன்று. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர்.

குருவின் பெயர் எஸ்தர். காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில் இன்வெர்ட்டர் போர்டு பழுது பார்ப்பது அவருடைய பிழைப்பு. பழைய டிவி கேம் பெட்டிகளுக்குப் புதிய ஆட்டம் எழுதி, அதற்கான கேசட்டையும் தன் கையாலேயே செய்வது அவருடைய வேலை. பிழைப்பையும் வேலையையும் அவர் குழப்பிக்கொள்வதில்லை.

சீடர் சென்னியப்பன் ஒரு பஞ்சாலையில் சங்கச் செயலாளராக இருந்தவர். தொண்ணூற்று நான்கில் ஆலை மூடியது என்று பத்திரிகைகள் எழுதின. ஆலை தானாக மூடாது. மூடியவர் பெயரை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. சென்னியப்பன் எழுதினார், துண்டறிக்கையில். அதற்குப் பிறகும் முப்பது ஆண்டு துண்டறிக்கை எழுதினார். மக்கள் கை நீட்டி வாங்கினார்கள், மடித்தார்கள், பஸ் சீட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

ஒரு பொருட்காட்சியில் எஸ்தர் போட்டிருந்த கடையைப் பார்த்தார். நாற்பது வயதுக்காரர்கள் வரிசையில் நின்று, திரையில் வந்த ஒவ்வொரு எழுத்தையும் படித்து, பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் மடிக்கவில்லை. ஒரு கேசட்டில் எத்தனை எழுத்து பிடிக்கும் என்று கேட்டார். முப்பத்திரண்டாயிரம் என்றார் எஸ்தர். பதினாறு பக்கத் துண்டறிக்கை என்று கணக்குப் போட்டார் சென்னியப்பன். மறுநாளே மாடி ஏறிவிட்டார்.

முதல் நாள் எஸ்தரைத் தோழர் என்று அழைத்தார்.

"நான் ஒத்தை ஆளுங்க. எனக்கேது சங்கம்?" என்றார் எஸ்தர்.

அன்றிலிருந்து அம்மிணி, ஐயா என்று ஆனது.

பதினான்கு மாதம் படித்தார். அந்தப் பெட்டிக்குப் புரியும் கட்டளைகள் ஐம்பத்தாறுதான். வீண் வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. மேடைப் பேச்சாளர்கள் எல்லாரும் இதைப் படித்துவிட்டு மைக் பிடிக்க வேண்டும் என்றார்.

அவர் எழுதிய ஆட்டம் இதுதான். ஆலையைப் பூட்டிய பிறகு, உள்ளே இருந்த இயந்திரங்களை லாரியில் ஏற்றிக் கடத்தப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேர் கேட்டுக்குக் குறுக்கே கைகோத்து ஒரே வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆட்டத்திலும் பன்னிரண்டு பேர், ஒரு கேட், ஒரு லாரி. ஆடுபவர் செயலாளராக இருந்து அந்த வரிசை உடையாமல் காக்க வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும், தூங்குபவரை எழுப்ப வேண்டும், பயப்படுபவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

வருகிற ஞாயிறு அந்த மறியலின் முப்பதாம் ஆண்டு. பழைய ஆட்கள் சங்க அலுவலகத்தில் கூடுகிறார்கள். அங்கே ஆட்டத்தைக் காட்டிவிட்டு, பன்னிரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு கேசட் கொடுப்பதாக ஏற்பாடு.

முதல் சிப் செவ்வாய்க்கிழமை தயாரானது. எஸ்தர் அதைக் கேசட்டில் பற்றவைத்து, பெட்டியில் செருகி, பிக்சர் ட்யூப் டிவியைப் போட்டார்.

கேட் வந்தது. வேப்பமரம் வந்தது. லாரி வந்தது. வரிசையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சென்னியப்பன் விரல் வைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். கேசட்டைப் பிடுங்கி, வாயால் ஊதி, திரும்பச் செருகினார். எட்டுதான்.

"நாலு பேர் எங்கே?"

"பெட்டி விட்டுருச்சுங்க," என்றார் எஸ்தர்.

பிறகு விளக்கினார். இந்தப் பெட்டி ஒரே கிடைவரியில் எட்டு நகரும் உருவங்களைத்தான் வரையும். ஒன்பதாவதிலிருந்து கண்டுகொள்ளாது. பிறவியிலேயே அப்படித்தான்.

லேப்டாப்பில் பன்னிரண்டு பேரும் வந்தார்களே என்று வாதாடினார் சென்னியப்பன். எஸ்தர் சீடருடைய லேப்டாப்பைத் திறந்தார். பெட்டியைப் போல நடிக்கும் அந்த மென்பொருளில் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் எட்டு என்ற எல்லையை அது மறந்துவிடும். டிக் போட்டிருந்தது. படம் அழகாக வருகிறதே என்று முதல் வாரமே சீடர் போட்ட டிக். பதினான்கு மாதமும் இல்லாத பெட்டிக்கு ஆட்டம் எழுதியிருக்கிறார்.

எஸ்தர் சிரிக்கவில்லை. சிப்பைக் கழற்றி, எழுதியதை அழிக்கும் நீல விளக்கின் கீழ் வைத்தார். அழிய இருபது நிமிடம் ஆகும்.

அந்த இருபது நிமிடத்தில்தான் சென்னியப்பன் சொன்னார். விடுபட்ட நால்வரும் பெண்கள். கழிவுப் பஞ்சுப் பிரிவில் தினக்கூலிகள். சங்கப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. மறியல் முடிந்ததும் அவர் ஒரு துண்டறிக்கை எழுதினார். கேட்டை மறித்த எட்டுத் தோழர்கள் என்று தலைப்பு. உறுப்பினர் எட்டுப் பேர், அதனால் எட்டு. அப்போது அது தவறாகவே தெரியவில்லை. பேச்சுவார்த்தைக்கு ஆள் அழைத்தபோது நிர்வாகம் அந்தத் துண்டறிக்கையைப் பார்த்துத்தான் அழைத்தது. எட்டுப் பேரை அழைத்தது.

நால்வரில் மூவர் இறந்துவிட்டார்கள். மாராத்தாள் மட்டும் இருக்கிறார். முப்பது ஆண்டாக அவர் சென்னியப்பனோடு பேசவில்லை. ஆட்டத்தில் நீங்களும் இருக்கிறீர்கள், வந்து பாருங்கள் என்று இப்போது இவர் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் மாராத்தாள்.

"அந்தம்மா வந்து பார்த்தா எட்டுப் பேர் இருக்கணுமா?" என்றார் சென்னியப்பன்.

எஸ்தர் விளக்கை அணைத்தார்.

ஞாயிறன்று லேப்டாப்பிலேயே காட்டிவிட்டால் என்ன என்று சீடர் கேட்டார்.

"காட்டலாங்க. கேசட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுவாங்களே."

இரண்டு வரிசையாக உட்காரவைத்தால் என்ன என்று அவரே கேட்டார். கேட்ட வாயாலேயே வேண்டாம் என்றார். ஒரே வரிசையாக உட்கார்ந்ததால்தான் லாரிக்கு இடைவெளி கிடைக்கவில்லை. அதை மாற்றினால் நடந்ததே வேறு.

புதன்கிழமை ஒரு வழியோடு வந்தார். பின்னணிக்கு எல்லை இல்லை. சுவர், கேட், மரம் எல்லாம் பின்னணி. நான்கு பெண்களையும் பின்னணியில் வரைந்துவிட்டார். திரையில் பன்னிரண்டு பேரும் தெரிந்தார்கள். சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆட்டத்தில் லாரி ஹாரன் அடித்தது. எட்டுப் பேர் கையை இறுக்கி முன்னால் சாய்ந்தார்கள். நான்கு பேர் சுவரோடு சுவராக இருந்தார்கள். பின்னணி நகராது.

"ஹாரன் அடிச்சப்போ மாராத்தாள் அம்மா என்னங்க பண்ணுனாங்க?"

சென்னியப்பன் தோளிலிருந்து துண்டை எடுத்தார்.

"அந்தம்மாதான் முதல்ல போய்ச் சக்கரத்துக்கு முன்னாடி படுத்தது."

அவரே உட்கார்ந்து அந்த நாலு படத்தையும் அழித்தார்.

எஸ்தர் அவருடைய அட்டவணையைக் கேட்டார். பன்னிரண்டு உருவங்களையும் வரிசைப்படுத்தி வைத்திருக்கும் பட்டியல் அது. பெட்டி அதை மேலிருந்து படிக்கும். எட்டு நிரம்பியதும் படிப்பதை நிறுத்திவிடும்.

"முதல் பேர் யாருங்க?"

"நான்."

"கடைசி?"

"மாராத்தாள்."

"இந்த வரிசையும் பெட்டி போட்டதுங்களா?"

சென்னியப்பன் தலையை அசைத்தார். நினைவுக்கு வந்த வரிசையில் அவரே எழுதியது.

எஸ்தர் ஒரு காகிதத்தில் பன்னிரண்டு புள்ளி வைத்து வட்டமாக வரைந்தார். திரை வினாடிக்கு ஐம்பது தரம் வரையப்படுகிறது. ஒவ்வொரு தரமும் பட்டியலை வேறொரு பெயரிலிருந்து தொடங்கினால், விடுபடும் நால்வர் ஒவ்வொரு தரமும் வேறு நால்வராக இருப்பார்கள். யாரும் முழுக்கக் காணாமல் போக மாட்டார்கள். ஆனால் எல்லாரும் மினுக்குவார்கள். இந்தப் பெட்டிக்கு எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான்.

வியாழக்கிழமை சென்னியப்பன் எழுதிக்கொண்டு வந்தார். திரையில் பன்னிரண்டு பேர் தெரிந்தார்கள். பதினொரு பேர் மினுக்கினார்கள். ஒருவர் மட்டும் கல்லில் அடித்ததுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எஸ்தர் அந்த ஒருவரைப் பார்த்தார். பிறகு சீடரைப் பார்த்தார்.

ஆடுகிறவன் நகர்த்துவது செயலாளரைத்தான், அந்த ஆள் மினுக்கினால் ஆட முடியாது, பேர்பெற்ற ஆட்டங்களிலும் நாயகனை நிலையாகத்தான் வைக்கிறார்கள் என்று சென்னியப்பன் விளக்கினார். உண்மைதான். அப்படித்தான் வைக்கிறார்கள்.

"சரிங்க," என்றார் எஸ்தர். "மாராத்தாள் அம்மா நிமிஷத்துக்கு எத்தனை தரம் தெரியறாங்க?"

சீடர் கணக்குப் போட்டார். ஒரு நிமிடத்துக்கு மூவாயிரம் தரம் திரை வரையப்படுகிறது. எட்டு இடத்தில் ஒன்று செயலாளருக்கு நிரந்தரம். மீதி ஏழு இடம், பதினொரு பேர்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது."

"நீங்களும் சுத்துல சேர்ந்தா?"

"ரெண்டாயிரம்." பென்சிலைக் கீழே வைத்தார். "தொண்ணூத்தியொரு தரம் வித்தியாசம். ஒரு நிமிஷத்துல தொண்ணூறு மினுக்கு கூடுதா குறையுதான்னு எந்தக் கண்ணுக்கும்மா தெரியும்?"

"தெரியாதுங்க," என்றார் எஸ்தர்.

சொல்லிவிட்டு, பாதியில் விட்டிருந்த இன்வெர்ட்டர் போர்டை எடுத்துப் பற்றவைக்கத் தொடங்கினார். சென்னியப்பன் லேப்டாப்பை மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை எஸ்தர் அறை திறக்கும் முன்பே படியில் உட்கார்ந்திருந்தார். அன்றும் மறுநாளும் இருவருமாகப் பன்னிரண்டு சிப் எழுதினார்கள். பழைய கேசட் ஓடுகளைத் திருகு கழற்றித் திறந்து, உள்ளே புதுப் பலகை வைத்து மூடினார்கள். ஒட்டிய பெயர்ச்சீட்டில் மறியல் என்று மட்டும் சென்னியப்பன் தன் கையால் எழுதினார். கீழே யார் செய்தது என்று எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பாதி அறை இப்போது ஜெராக்ஸ் கடை. மீதிப் பாதியில் டிவியை ஒரு மேசை மேல் வைத்து, பின்னால் வயரைப் பிடித்தபடி எஸ்தர் நின்றார். விட்டால் படம் போகும் வயர்.

மாராத்தாள் வந்தார். எழுபது வயது. நாற்காலி காட்டினார்கள், உட்காரவில்லை. கதவோரம் நின்றார்.

ஆட்டம் தொடங்கியது. கேட்டுக்குக் குறுக்கே பன்னிரண்டு பேர் கைகோத்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு பேரும் மினுக்கினார்கள்.

மாராத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். பஞ்சுத் தூசிக்குத் தலையில் துண்டு கட்டிய உருவங்களை விரலால் தொட்டார்.

"இது பொன்னி. இது வெள்ளையம்மா. இது ருக்மணி." விரல் அடுத்த உருவத்தில் நின்றது. "தம்பி, இது நானா?"

"நீங்கதாங்க்கா."

"நீ எது?"

சென்னியப்பன் காட்டினார். மாராத்தாள் அந்த உருவத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அதுவும் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆடும் பிடியைத் தரச் சொல்லிக் கை நீட்டினார்.

பின்வரிசையில் இருந்த ஜம்புலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. எட்டுப் பேரில் ஒருவர், பேச்சுவார்த்தைக்குப் போய் வந்தவர், துண்டறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பவர்.

"என்னப்பா செயலாளரே, முப்பது வருசம் கழிச்சு என்னைய டிவில காட்டுற, ட்யூப்லைட்டு மாதிரி விட்டு விட்டுக் காட்டுறியே. ஒரு ஆளாவது நிக்கிறானா பாரு. உன்னையவே உன்னால நிறுத்த முடியல."

சிலர் சிரித்தார்கள். சென்னியப்பன் வாய் திறந்தார். நாற்பது வருடம் மேடையில் பேசிய வாய். அதை மூடிக்கொண்டு, திரும்பிக் குருவைப் பார்த்தார்.

ஜம்புலிங்கமும் அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீதான இதுல கெட்டிக்காரி. இதைச் சரி பண்ண முடியாதா?"

எஸ்தர் வயரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சரி பண்ணுனதுதாங்க இது."