ஓடாத மீட்டர்

ஒட்டன்சத்திரம் காய்கறி முதலாளி நாச்சிமுத்துவின் பிக்கப் வண்டி எஞ்சின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. பட்டறையில் அது பிரிந்து கிடப்பதைச் சந்தை வியாபாரிகள் சூழ்ந்து பார்த்தார்கள். முதலாளி டிரைவர் சடையாண்டியிடம் கை நீட்டினார்.

“சாவியைக் குடு. மீட்டர்ல எண்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஆகல. ஆயில் பாக்காம ஓட்டிக் கொன்னுட்ட. இனி இந்த ஊர்ல எவன் உனக்கு வண்டி தர்றான்னு பாக்கறேன்.”

சடையாண்டி சாவியை எடுத்தான், கொடுக்கவில்லை.

“போறேனுங்க. அஞ்சு வருசமா நம்ம கொச்சி லோடு அடிக்கடி தவறுதுன்னு பேசிக்கிறாங்களே, அதுவும் என் தப்புதானுங்களா?”

வியாபாரிகள் முன்னால் நாச்சிமுத்துவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எவன் சொன்னான்? பொங்கலன்னிக்கும் போன வண்டிடா! ஒருநாள் தவறல!”

“தினம் போக வர ஐந்நூறு கிலோமீட்டருங்க. எண்பதாயிரம் ஆறு மாசத்துல முடிஞ்சிருமே. மிச்ச நாலரை வருசம் லோடைத் தலையில சுமந்துட்டா போனேன்?”

விற்கும்போது விலை குறையக் கூடாதென்று மீட்டர் ஓடாதபடி அதன் கேபிளைக் கழற்றச் சொன்னது முதலாளிதான். கழற்றிய மெக்கானிக் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார். வியாபாரிகள் மறைக்கவில்லை.

“சரி, எஞ்சினைக் கட்டுங்கப்பா. நீயே ஓட்டித் தொலை” என்று முதலாளி முணுமுணுத்தார்.

“ஓட்டறேனுங்க. ஆனா வாரம் ஒருநாள் லீவு வேணும். அந்த எஞ்சின் ஓடின தூரம்தானுங்க நானும் ஓடியிருக்கேன். என்னைப் பிரிச்சுக் கட்டப் பட்டறை இல்லீங்களே.”