நாற்பது வருஷச் சங்கல்பம்

சங்குமேட்டு அனல்மின் நிலையத்தில் மூன்றாவது யூனிட்டுக்குப் பூமி பூஜை வைக்க ஏற்பாடு செய்தார்கள். அதை நடத்திக்கொடுக்கும்படி இசக்கியம்மையைக் கேட்டு இரண்டு அதிகாரிகள் சபை வீட்டுக்கு வந்தார்கள்.

இசக்கியம்மை சரி என்றார்.

அவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்த நல்லசிவனின் கை அப்படியே நின்றுவிட்டது.

இசக்கியம்மைக்கு நாற்பத்து நான்கு வயது. ஒரு காலத்தில் உப்பளத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். பிறகு அதை விட்டுவிட்டு, உப்பளங்களுக்கு அப்பால் இரண்டு அறை உள்ள ஒரு கட்டிடத்தில் தங்கிவிட்டார். அதைத்தான் சபை வீடு என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் கல்யாணமானாலும் கருமாதியானாலும் அவர்தான் வந்து தமிழில் நடத்திவைப்பார். அவர் ஒன்று சொன்னால் பதினோரு ஊர் கேட்கும். கம்பெனிக்காரர்கள் அவரைத் தேடி வந்ததும் அதனால்தான்.

நல்லசிவனுக்கு அறுபத்து மூன்று. அதே மின்நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு சபை வீட்டுக்கு வந்தார்; வந்து நான்கு வருஷம் ஆகிறது. தன்னைவிடப் பத்தொன்பது வயது இளையவரை அவர் 'அம்மை' என்பார். இசக்கியம்மை அவரை 'அண்ணாச்சி' என்பார்.

அதிகாரிகளின் கார் திரும்பிப் போனதும் நல்லசிவன் வெடித்தார்.

"என்ன காரியம் பண்ணுதீக, அம்மை?"

"பூசை பண்ணப்போறேன்."

"அது கரி எரிக்கப்போற இடம்."

"தெரியும்."

"உப்பு விளையுற சித்திரை மாசத்தில மழை கொட்டி, அம்பாரம் அம்பாரமாக் கரைஞ்சு போச்சே. வைகாசி வெயில்ல உப்பு வாருன பேச்சிக்கனி பாத்தியிலேயே சுருண்டு விழுந்து செத்தாளே. காலை பத்து மணி வெயில் அது! அவளுக்குக் காரியம் பண்ணுனது நீங்கதானே?"

"நான்தான்."

"அதுக்கப்புறமும் அவனுக கூப்பிட்டா போவீகளா?"

"கூப்பிட்டிருக்காக. போகணும்லா?"

நல்லசிவன் மூன்று நாள் சபை வீட்டில் சாப்பிடவில்லை. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கம்பெனியைத் திட்டினார், கலெக்டரைத் திட்டினார், உலகத்துத் தலைவர்கள் மாநாடு போட்டு விருந்து சாப்பிட்டுவிட்டுப் போவதைத் திட்டினார். இசக்கியம்மையைத் திட்ட மட்டும் வாய் வரவில்லை. பூஜையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு, அப்படியே சபை வீட்டை விட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்தார்.

ஆனி மாதம் வளர்பிறை ஏழாம் நாள். பந்தல் போட்டிருந்தார்கள். நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் ஊர்க்காரர்கள். நிர்வாக இயக்குநர் பரந்தாமன் சென்னையிலிருந்து வந்திருந்தார். பட்டு வேட்டி, மேல்துண்டு. நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். கிழவிகளைக் கண்டால் எழுந்து கும்பிட்டார்.

இசக்கியம்மை அவரை எதிரே உட்காரவைத்தார். நல்லசிவன் பூத்தட்டோடு பக்கத்தில் நின்றார்.

"நம்ம வழக்கத்தில சங்கல்பத்தை பூசை வைக்கிறவுகளே வாயால சொல்லணும்," என்றார் இசக்கியம்மை. "என்ன செய்யப்போறோம், யாரு செய்யுதோம்னு தமிழ்ல சொல்லணும். நான் சொல்லச் சொல்ல நீங்க சொல்லுங்க."

"சந்தோஷம்மா. புரியற மாதிரி இருந்தா நல்லதுதானே," என்றார் பரந்தாமன். யாரோ அவர் முன்னால் மைக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"ஆனி மாசம், வளர்பிறை ஏழாம் நாளிலே."

சொன்னார்.

"தென்கடற்கரையிலே, சங்குமேட்டு ஊரிலே."

சொன்னார்.

"பிள்ளைக இருக்காகளா?"

"ஒரே பொண்ணு. போன தை மாசம் பேத்தி பொறந்திருக்கா." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மிதுரான்னு பேர். அஞ்சு மாசம் ஆகுது."

"நல்லா இருக்கட்டும். மிதுராவின் தாத்தா, பரந்தாமன் ஆகிய நான்."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பெண்கள் பக்கம் சிரிப்பொலி எழுந்தது.

"இந்த உலை எத்தனை வருஷம் எரியும்?"

"நாற்பது வருஷம்மா. கேரண்டி."

"இந்த இடத்திலே நாற்பது வருஷம் நிலக்கரி எரிப்பேன்."

"இந்த இடத்திலே நாற்பது வருஷம் நிலக்கரி எரிப்பேன்."

"மிதுராவுக்கு நாற்பது வயசு ஆகும் வரைக்கும் எரிப்பேன்."

பரந்தாமன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

இசக்கியம்மை காத்திருந்தார். ஓர் அதிகாரி குனிந்து, "அம்மா, சுருக்கமா ஏதாவது ஒரு பாட்டைப் பாடி முடிச்சிடுங்களேன்," என்றார்.

"நான் சொன்னதில தப்பு இருக்கா? இருந்தா எடுத்திருவோம்."

"தப்புன்னு இல்லை. பூஜையில இப்படியெல்லாம் சொல்றதில்லை."

"அப்ப அடுத்ததைச் சொல்லுவோம்." இசக்கியம்மை பரந்தாமனைப் பார்த்தே பேசினார். "இதனால வெயில் கூடும்னு எனக்குத் தெரியும். கடல் ஏறும்னு தெரியும். தெரிஞ்சே எரிப்பேன்."

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"அம்மா," என்றார் பரந்தாமன் மெதுவாக, "தேசத்துக்குக் கரண்ட் வேணும்."

"அதையும் சேத்துக்கிடுவோம். சொல்லுங்க."

"ரெண்டாயிரம் பேருக்கு வேலை."

"அதையும் சேத்துக்கிடுவோம்."

"நாங்களும் கரியைக் கைவிடப் போறவங்கதாம்மா. படிப்படியாக் குறைக்கறதா எழுதியே கொடுத்திருக்கோம். ஒரே நாள்ல நிறுத்த முடியுமா?"

"ஓடுற உலையை ஒரே நாள்ல நிறுத்துங்கன்னு நான் கேக்கலை. இது இன்னும் கட்டாத உலை. குறைக்கதுக்காகத்தான் கட்டுதேன்னு சொல்லுங்க. அதுக்கே பூசை பண்ணுதேன்."

பரந்தாமனின் கழுத்தில் வியர்வை வழிந்தது. அவர் மைக்கைப் பார்த்தார், ஊர்க்காரர்களைப் பார்த்தார், தன் கையில் இருந்த அட்சதையைப் பார்த்தார். பிறகு அதை இலையில் வைத்துவிட்டு எழுந்தார். யாரையும் பார்க்காமல் காருக்குப் போய்விட்டார்.

ஆட்டோவில் திரும்பும்போது நல்லசிவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பாத்தீகளா அம்மை, அவன் மூஞ்சியை! ஈயாடலை! நான் உங்களத் தப்பா நெனைச்சிட்டேன்."

இசக்கியம்மை ஆட்டோக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். அவர் முகம் கன்றிச் சிவந்திருப்பதை நல்லசிவன் அப்போதுதான் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"பேச்சிக்கனியைக் குளிப்பாட்டும்போதும் சுட்டுக்கிட்டு இருந்தா, அண்ணாச்சி," என்றார் இசக்கியம்மை. "செத்த உடம்பு. தொட்ட கை பொசுங்குச்சு."

ஊர் ஒரு வாரம் அதையே பேசியது. நல்லசிவன் சபை வீட்டை விட்டுப் போகும் எண்ணத்தைக் கைவிட்டார்.

எட்டாம் நாள் கம்பெனிக்காரர்கள் வெளியூரிலிருந்து வேறொருவரைக் கூட்டிவந்து, ஊருக்குச் சொல்லாமல் பூஜையை முடித்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் மண் தோண்டும் இயந்திரங்கள் வரிசையாக வந்து இறங்கின.

நல்லசிவன் சபை வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தார். அவருக்கு அதுவே தெரியவில்லை.

"தோண்ட ஆரம்பிச்சிட்டான், அம்மை! உங்க சங்கல்பத்தால என்ன ஆச்சு? ஒரு மனுசன் கொஞ்சம் வேர்த்தான். அவ்வளவுதான்! உலகமே எரியுது. இவனுக பொய்யா ஒரு அறிக்கை எழுதி, பொய்யா ஒரு அனுமதி வாங்கி, நாற்பது வருஷத்துக்கு எரிப்பானுக. எவனுக்காவது வெக்கம் இருக்கா? மானம் இருக்கா?"

இசக்கியம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"உக்காருங்க. நீங்க ஒரு சங்கல்பம் சொல்லுங்க."

"நானா? சொல்லுதேன். அவனுகளச் சும்மா விட மாட்டேன்."

"அது அவுகளைப் பத்தி. உங்களப் பத்திச் சொல்லுங்க."

"என்னைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு?"

"ஊர்க்காரங்க இந்த உலையை எதிர்த்து சென்னைப் பசுமைத் தீர்ப்பாயத்தில வழக்குப் போட்டிருக்காக. சாட்சி சொல்லக் கூப்பிட்டு வக்கீலம்மா ரெண்டு தடவை வந்தாக. ரெண்டு தடவையும் ரத்தக்கொதிப்புன்னு சொல்லி அனுப்புனீக. டீக்கடையில அது உங்களுக்கு வந்து நான் பாக்கலையே."

நல்லசிவன் சுவரைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"அந்த அறிக்கை பொய்யின்னீகளே, அண்ணாச்சி. எப்படித் தெரியும்?"

வெளியே இயந்திரம் மண்ணைக் கொட்டும் சத்தம் கேட்டது.

"நல்லசிவன் ஆகிய நான்," என்றார். அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "ரிட்டயர் ஆகுறதுக்கு முந்தின மாசம். மூணாவது யூனிட்டுக்குத் திட்ட அறிக்கை எழுதுனோம். கரிக்குப் பதிலா இங்கே வேற வழி இருக்கான்னு அதில ஒரு பக்கம் எழுதணும். வெயில்லயும் காத்துலயும் கரண்ட் எடுக்க முடியுமான்னு சொல்லணும். எனக்குக் கீழ வேலை பாத்த அஞ்சு சின்னப் பயலுக ஒன்றரை வருஷம் கடற்கரையில கம்பம் நட்டு அளந்து வச்சிருந்தானுக. நல்ல காத்து, அம்மை. நல்ல வெயில். இந்த யூனிட்டே வேண்டாம்னு அந்த அளவுகளே சொல்லும்."

"ம்."

"மேலிடத்தில இருந்து ஒரு போன் வந்துது. ஒரு மத்தியானம் உக்காந்து நான்தான் எழுதுனேன். இந்த இடத்துக்கு அதெல்லாம் ஒத்து வராதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டேன். பயலுக அளந்த காகிதத்தைக் கிழிச்சிப் போடச் சொன்னாக. கிழிக்க மனசு வரலை. எங்க வீட்டு அலமாரியில இருக்கு."

பேச்சிக்கனி தலையில் உப்புக்கூடையைச் சுமந்துகொண்டு, 'ஐயா, நல்லா இருக்கீகளா?' என்று எதிரே வந்த ஒரு காலை நேரம் அவர் நினைவுக்கு வந்தது. நல்லா இருக்கேன் என்று அன்று சொல்லியிருந்தார்.

இசக்கியம்மையின் முகத்தில் இரக்கம் வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. ஆட்டோவில் பார்த்த அதே முகம்தான் இப்போது அவரைப் பார்த்தது.

"இன்னும் முடியலை," என்றார் இசக்கியம்மை. "செஞ்சது அது. செய்யப்போறது?"

"பென்சனை நிறுத்திருவாக. கேஸ் போடுவாக."

"அதையும் சேத்துக்கிடுவோம். சொல்லுங்க."

நல்லசிவன் எழுந்தார். வாசல் வரை போனார். வெயில் கண்ணில் அடித்தது. பிறகு காலிலிருந்த செருப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். செய்யப்போவதைச் சொன்னார். ஒரு தடவை தடுமாறி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

மறுநாள் பூட்டிய வீட்டைத் திறந்து, அந்தக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு அவரே வக்கீலம்மா வீட்டுக்குப் போனார். பதினைந்து பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். தான் எழுதியது பொய் என்பதை முதல் வரியில் வைத்தார்.

கம்பெனி அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. கூட வேலை பார்த்தவர்கள் போனை எடுக்கவில்லை. டீக்கடையில் ஒருவன், "சம்பளம் வாங்கும்போது இனிச்சுதோ?" என்று கேட்டான். இனித்தது என்று நல்லசிவன் பதில் சொன்னார். ஆடி மாதக் கடைசியில், அவரை விசாரித்து முடிக்கும் வரை மண்ணைத் தொடக்கூடாது என்று தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. இயந்திரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஓடிக்கொண்டிருந்த இரண்டு யூனிட்டுகளும் ஓடிக்கொண்டேதான் இருந்தன. புகைபோக்கியில் புகை வந்துகொண்டுதான் இருந்தது.

சாட்சி சொல்லச் சென்னைக்குப் புறப்படும் நாள். இசக்கியம்மை பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும் நல்லசிவன் கேட்டார்.

"அம்மை, நாலு வருஷமா உங்ககூட இருக்கேன். சொன்ன வழிபாடெல்லாம் பண்ணுதேன். இந்தக் கோபம் மட்டும் தணியவே மாட்டேங்கு. முந்தி அவனுக மேல இருந்துது. இப்ப என் மேலயும் சேந்து ரெண்டு மடங்கா இருக்கு. அங்க போய்க் கூண்டில நின்னு, கத்திருவேனோன்னு பயமா இருக்கு. இதை எப்பத்தான் அடக்கப்போறேன்?"

பஸ் வந்து நின்றது. இசக்கியம்மை காகிதங்கள் இருந்த பையை அவர் கையில் கொடுத்தார்.

"அது தணிஞ்சிருந்தா, உங்கள பஸ் ஏத்திவிட நான் வந்திருக்க மாட்டேன், அண்ணாச்சி," என்றார்.