தகடும் மூன்று சிலிண்டர்களும்

தூத்துக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. உப்புக்காற்று பட்டால் இரும்பு துருவேறிவிடும் என்று அதன் கதவை எப்போதும் முக்கால்வாசி சாத்தியே வைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்துக்குள் ஒரு தகடு வந்து சேர்ந்தது. மெல்லிய தகடு, தடிமன் ஒரே ஒரு மில்லிமீட்டர். விரலால் சுண்டினால் ‘டொய்ங்’ என்று வெகுநேரம் தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும்.

அன்று காலை அதை வெட்டி, உருளையாக வளைத்துவிட்டார்கள். தகட்டுக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து மல்லாந்தே கிடந்தது, இப்போதுதான் முதல்முறையாகத் தன் இடது ஓரத்தால் வலது ஓரத்தைப் பார்த்தது. நடுவே ஒரு நூல் இடைவெளி.

“அட, நீயா? இத்தனை நாளா எங்கே இருந்தே?” என்றது இடது ஓரம்.

“நீ திரும்பிப் பார்த்தாத்தானே!” என்றது வலது ஓரம்.

தகடு ஒரு வள்ளத்துக்கு டீசல் டேங்க் ஆகப்போகிறது. செபஸ்தியம்மாளின் வள்ளம். பழைய டேங்க் துருப்பிடித்து ஒழுகி, அவள் புருஷன் ஒரு பகல் முழுக்க நடுக்கடலில் இன்ஜின் இல்லாமல் மிதந்து கரை வந்து சேர்ந்திருந்தார். நான்கு நாளாக வள்ளம் மணலில் கிடக்கிறது.

“மாரி, ஊசி முனை அளவு ஒழுகுனாலும் நான் அவரை அனுப்ப மாட்டேன் பாத்துக்க” என்று செபஸ்தியம்மாள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஒழுகுனா இந்தத் தகட்டைத் தூக்கி அந்தக் குவியல்ல எறிஞ்சுட்டு உன் கால்ல விழுதேன், போதுமாக்கா?” என்றாள் பட்டறைக்காரி சந்தனமாரி.

தகடு குவியலைப் பார்த்தது. நசுங்கிய மட்கார்டு, ஓட்டை விழுந்த டிரம், பல் போன ரம்பம். அதன் உடம்பு சிலிர்த்தது. கடலா, குவியலா? சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

சந்தனமாரி இருபது வருஷமாகக் குச்சி வெல்டிங் செய்தவள். போன வாரம்தான், மூடப்போகிற ஒரு பட்டறையிலிருந்து கம்பி தானாக ஓடிவரும் மிஷின் ஒன்றை மூன்று கேஸ் சிலிண்டர்களோடு வாங்கிவந்திருந்தாள். எந்த கேஸ் எதற்கு என்று சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

கறுப்புச் சிலிண்டர் முந்திக்கொண்டது. அதற்குள் கரியமில வாயு.

“இரும்புன்னா நான்தான்! உள்ளே இறங்கி அடிச்சேன்னா எந்தக் கொம்பனும் பிரிக்க முடியாது.”

“கோலி சோடாவில் குமிழி விடுகிற பயலுக்குப் பேச்சைப் பார்!” என்றது நீலச் சிலிண்டர். அதற்குள் ஆர்கான். “நான் யாரோடும் சேர்வதில்லை, யாரையும் தொடுவதில்லை. என் காவலில் ஒரு பொறிகூடத் தெறிக்காது.”

“உன்னைச் சேத்துக்க ஆளில்லைன்னு சொல்லு!”

சந்தனமாரி ஒரு வெட்டுத் துண்டை எடுத்தாள். காலையில் தகட்டிலிருந்து பிரிந்த துண்டு. கறுப்புச் சிலிண்டரைத் திறந்து, வெல்டிங் டார்ச்சின் விசையை அழுத்தினாள். படபடவென்று பொறி நாலாபக்கமும் பறந்தது. செபஸ்தியம்மாள் சேலையை இழுத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த நொடி துண்டின் நடுவே ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை.

“ஐயோ!” என்று கத்தியது தகடு. அது தன் உடம்பிலிருந்து போன துண்டு அல்லவா?

“கொஞ்சம் வேகமாயிட்டேன்” என்று முனகியது கறுப்பு. “கனத்த இரும்புச் சட்டமா இருந்தா என்னைக் கும்பிட்டிருப்பீங்க.”

அடுத்து நீலம். ஓட்டை விழவில்லை. ஆனால் தீ ஓரிடத்தில் நிற்காமல் தடுமாறி அலைந்தது. உருகிய இரும்பு தகட்டோடு கலக்காமல், மண்புழு ஊர்ந்துபோன மாதிரி மேலே திரண்டு நின்றது. சந்தனமாரி துண்டைக் குறட்டில் பிடித்து ஒரு வளை வளைத்தாள். ஓரத்தோடு விண்டு வந்தது.

“தொட மாட்டேன்னு சொன்னீங்களே, அதுபடியே செஞ்சுட்டீங்க” என்றது கறுப்பு.

மூலையில் பெயின்ட் உரிந்த மூன்றாவது சிலிண்டர் ஒன்று நின்றது. அதன் மீட்டரில் முள் அடிமட்டத்துக்குச் சற்று மேலே கிடந்தது.

“நீ யாரு?” என்று கேட்டது தகடு.

“கலவை. நாலில் மூணு பங்கு நீல அண்ணன், ஒரு பங்கு கறுப்பு அண்ணன்.”

“அங்கேயும் இல்லாம இங்கேயும் இல்லாம!” என்று இரண்டு சிலிண்டர்களும் அன்றைக்கு முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தன.

“எனக்குள்ளே நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டதே இல்லைண்ணே” என்றது கலவை.

மூன்றாவது துண்டு. சர்ரென்று ஒரே சீரான சத்தம். பொறி அடங்கி, வழவழவென்று ஒரு கோடு. வளைத்தாள், தட்டினாள், மறுபடி வளைத்தாள். விடவில்லை.

“யக்கா, கிடைச்சிருச்சு!” என்று சந்தனமாரி துள்ளினாள். தகடும் துள்ளியது.

அவள் முகமூடியை இறக்கிக்கொண்டு உருளையின் முன் குனிந்தாள். முதுகு நனைந்து, சேலைக்கு மேல் மாட்டியிருந்த சட்டை ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த செபஸ்தியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாக எழுந்து கதவோரம் நின்ற ஃபேனைப் போட்டு, அவள் பக்கம் திருப்பிவிட்டாள்.

இரண்டு ஓரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டன. தீ வந்தது. இரும்பு உருகியது. ஒரு விரல் நீளம் போனதும் சந்தனமாரி முகமூடியைத் தூக்கினாள். ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி ஒரே பொத்தல்!

“கேஸ் பத்தலை போல” என்று சிலிண்டரின் திருகை இன்னும் திறந்தாள். மீட்டர் முள் இறங்கியது. பொத்தல்களைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். இன்னும் பொத்தல். மறுபடி தேய்த்தாள். ஓரங்கள் காகிதமாகிவிட்டன.

“இன்னொரு தடவை தேய்ச்சா நான் இருக்க மாட்டேன்!” என்று அலறியது தகடு. “ஏன் என்னை விட்டுட்டுப் போறே?”

“நான் எங்கே போறேன்? உருகுற உன் மேலே காத்துப் படாம போர்வையா படுக்கத்தான் வர்றேன். யாரோ உருவிட்டுப் போறாங்க!” என்றது கலவை.

ஃபேன் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தது. “எல்லாரும் ஏன் கத்துறீங்க? நான் குளுகுளுன்னு வீசுறேனே!”

“நீயா?”

“அவ வேர்த்துக் கொட்டுறா. நல்லதுதானே செய்யுதேன்?”

“அவளுக்கு நல்லதுதான்” என்றது கலவை. “என்னைத்தான் கலைக்கிறே.”

சந்தனமாரி வெறுத்துப்போய் முகமூடியைக் கழற்றினாள். பிடரியில் சில்லென்றது. ஒரு கணம் அந்த சுகத்தில் நின்றாள். அப்புறம் சட்டென்று திரும்பினாள். டார்ச் முனையில் மிச்சமிருந்த புகை படுத்தபடி சுவர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

“யக்கா! ஃபேனை யாரு போட்டது?”

“நான்தான்… ஏன், உனக்கு வேர்க்கலையா?”

“நான் வேர்த்துச் சாவுதேன், நீ அதை அமத்து முதல்ல!”

ஃபேன் தலை தொங்கி நின்றது. சந்தனமாரி திருகையும் பழைய அளவுக்குக் குறைத்தாள். முள் கிட்டத்தட்டப் படுத்துவிட்டது.

“போதுமா?” என்று கேட்டது தகடு.

“போதணும்” என்றது கலவை.

சர்ர்ர்… நீளத் தையல் முடிந்தது. உருளையின் ஒரு முனையில் வைத்த மூடியைச் சுற்றியும் தையல் வந்தது. இரண்டாவது மூடியில் பாதி, முக்கால். வேர்வை அவள் மூக்கிலிருந்து சொட்டியது. நீலமும் கறுப்பும் தங்களை மறந்து, “விடாதே தம்பி, இன்னும் ரெண்டு விரல்தான்!” என்று கத்தின. கடைசிப் புள்ளி மூடியபோது முள் அடியில் இடித்து நின்றது.

டேங்க்கின் வாய்க்கு ஒரு குழாயைப் பொருத்தித் தண்ணீர் டிரம்முக்குள் அமுக்கினார்கள். செபஸ்தியம்மாள் சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். எங்கேயாவது பொத்தல் இருந்தால் குமிழி கிளம்பும். தையல் ஓரமாக ஒரே ஒரு குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தனமாரி விரலால் துடைத்தாள். போனது போனதுதான், இன்னொன்று வரவில்லை.

“மாரீ!” செபஸ்தியம்மாள் அவளைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேர் முந்தானையும் ஈரம்.

தகடு கடலுக்குப் போகச் செபஸ்தியம்மாளின் தலையில் ஏறியது. கதவருகே வந்ததும் மூலையைத் திரும்பிப் பார்த்தது. பெயின்ட் உரிந்த சிலிண்டரைச் சந்தனமாரி தட்டினாள், காலிச் சத்தம்தான் வந்தது.

“ஏய் தகடு” என்று நீலம் கூப்பிட்டது. குரலில் பழைய மிடுக்கு இல்லை. “உன் தையல் பூராவும் தேடிப்பார். அந்தத் தம்பி எங்கேயாவது ஒரு துளி தங்கியிருக்கானா?”

தகடு தன் தையலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தது.

“இல்லைண்ணே. தங்கியிருந்தா அந்த இடத்துல பொத்தல் விழுந்து ஒழுகியிருக்கும்.”