அம்பலவாணர் வீட்டுப் பூசணிக்காய்கள்

மிராசுதார் அம்பலவாணரின் கொல்லையில் அண்டா அண்டாவாகப் பூசணிக்காய்கள் விளைந்தன. ஊரார் கண் பட்டுவிடும் என்று அஞ்சி, அவர் ஏழடிச் சுவர் எழுப்பிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பத்தொன்பது நாள் கூட்டும் சாம்பாரும் அல்வாவுமாக உண்டு சலித்தபின், சமையற்காரன் நெல்லையப்பனை அழைத்தார். அப்போதும் முப்பத்திரண்டு காய்கள் மிஞ்சியிருந்தன.

"இனி என் இலையில் பூசணிக்காய் வரக்கூடாது. ஒரு காயும் வெளியே போகக்கூடாது. ஒன்று அழுகினாலும் உனக்கு இங்கே வேலை இல்லை!"

"உத்தரவு எஜமான்" என்றான் நெல்லையப்பன். நான்கு பிள்ளைகளைப் பெற்றவன் வேறென்ன சொல்வான்?

மூன்றாம் நாள் காலையில், இருப்பதிலேயே பெரிய காய் அழுகிக் கிடந்தது.

"மூட்டையைக் கட்டடா!"

"கட்டுகிறேன் எஜமான். ஆனால், இது கண்ணேறு பட்ட காய். பட்டது யார் கண்?"

"ஊரார் கண்தான்!"

"ஏழடிச் சுவரைத் தாண்டியா?"

"அப்படியானால் உன் கண்!"

"தாங்கள் வெளியே உருட்டிவிட்ட காய்களைத்தானே நான் கண்டேன்? உள்ளே சென்று நாள்தோறும் இதைத் தடவி, 'அடேயப்பா, ஜில்லாவிலேயே இப்படி ஒரு காய் உண்டா!' என்று வியந்தவர் யார்?"

பெற்றவள் கண்ணே பொல்லாத கண் என்பதை மிராசுதாரும் அறிவார்.

"பரிகாரம்?" என்றார் மெல்ல.

"மிச்சமுள்ளவை தங்கள் கண்ணில் படாத இடத்தில் இருக்கவேண்டும். ஊரில் அத்தகைய இடங்கள், முப்பத்தொரு வீட்டு அடுக்களைகள்தாம்."

அன்று மதியம் ஊரெங்கும் பூசணிக் கூட்டு மணந்தது. மிராசுதார் வத்தக்குழம்புக்கு மூன்றாம் முறையாகச் சோறு கேட்டார், நெல்லையப்பன் பரிமாறினான்.