கொடுக்குராயரின் பத்திரமான ஆட்சி

புளியடிக் குளத்துக்குக் கொடுக்குராயர் என்றொரு நண்டு தலைவராக இருந்தார். அவருடைய கொடுக்கு ஒவ்வொன்றும் மண்வெட்டி அகலம். கொஞ்சம் குறைத்துச் சொல்லச் சொன்னால், களைக்கொத்து அகலம். அதற்குக் கீழே குறைக்க முடியாது.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் தினமும் காலையில் மடைக்கல்லின் மேல் உட்கார வேண்டும். வெயிலில் கல் சூடேறும் வரை, யார் வந்து என்ன குறை சொன்னாலும் காது கொடுக்க வேண்டும். தலைவர் சரியில்லை என்று தோன்றினால் சண்டை இல்லை, சச்சரவு இல்லை. கரையில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் 'தொபுக்' என்று தண்ணீரில் குதிப்பார்கள். அவ்வளவுதான், பதவி போச்சு!

ராயர் பதவிக்கு வந்த நான்காம் நாள். தத்தக்கா என்ற தவளை முன்னால் வந்து, "தலைவரே, மடைப் பக்கம் பாசி மண்டிக் கிடக்குது..." என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து ஓர் எருமை குளத்தில் இறங்கியது. மிரண்டுபோன தவளைகள் எல்லாம் ஒன்றாகத் 'தொபுக்!'

ராயருக்கு எட்டுக் கால்களும் உதறின. "போச்சு! நாலே நாளில் இறக்கிவிட்டார்களே!" என்று கல்லிலிருந்து உருண்டு சேற்றுக்குள் புதைந்துகொண்டார்.

எருமை கரையேறிய பிறகு தத்தக்காதான் அவரைத் தோண்டி எடுத்தாள். "உங்களை யாரு இறக்கினது? நாங்க எருமைக்குப் பயந்து குதிச்சோம். ஏறி உட்காருங்க, பாசி விவகாரம் பாதியில நிக்குது!"

குளமே சிரித்தது. ராயரும் சிரித்து வைத்தார். ஆனால் சிரிப்பு நின்ற பிறகும் நடுக்கம் நிற்கவில்லை.

கரைமேல் நின்ற கருவேல மரத்தில் செவந்தான் என்ற ஓணான் இருந்தது. ராயர் அதனிடம் போய்க் கேட்டார்: "என் ஆட்சி பாதுகாப்பாக இருக்கிறதா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"ஆனால் ஆபத்தும் இருக்கிறது, இல்லையா?"

அதற்கும் ஆட்டியது.

"அப்படியானால் கரைக்குள் ஆழமாக ஒரு வளை தோண்டி, அங்கிருந்தே ஆளலாமா?"

ஓணான் மூன்று முறை ஆட்டியது. "ஆகா! இவனல்லவோ அமைச்சன்!" என்று ராயர் பூரித்துப்போனார்.

அன்றே தோண்டத் தொடங்கினார். எதிரி முன்னால் வந்தால் தப்ப ஒரு வழி. பின்னால் வந்தால் தப்ப ஒரு வழி. இரண்டு வழியிலும் வந்தால் தப்ப மூன்றாவது வழி. வளைக்குள் ஏழு திருப்பங்கள். எட்டாவது திருப்பத்தைத் தோண்டியபோது தானே வழி தவறி இரண்டு நாள் சுற்றி, கடைசியில் ஒரு மண்புழுவிடம், "தம்பி, இங்கே தலைவர் வீடு எது?" என்று விசாரித்து வந்து சேர்ந்தார்.

மடைக்கல் காலியாகக் கிடந்தது. குறை சொல்ல வந்தவர்களை ஓணானிடம் சொல்லச் சொன்னார் ராயர். எல்லாக் குறைக்கும் ஓணான் தலையாட்டியது. "கேட்டுக்கிட்டாங்க" என்று எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். பாசி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

ஐப்பசி மழை கொட்டி, குளம் நிரம்பியது. ஒரு நாள் தத்தக்கா வளை வாசலில் வந்து கத்தினாள். "தலைவரே! கரைக்கு அந்தப் பக்கம் ஈரம் கசியுது! உங்க வளை வழியாத்தான் தண்ணி போகுது. வெளியே வந்து அடைங்க!"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "வெளியே வரவைக்கப் பார்க்கிறாயா? செவந்தான், இது சதிதானே?"

வளை வாசலில் இரண்டு கண்கள் மட்டும் எட்டிப் பார்த்தன. மரத்தில் தலை ஆடியது.

"பார்த்தாயா!" என்று ராயர் இன்னும் இரண்டு முழம் உள்ளே தோண்டினார்.

பொறுத்துப் பார்த்த குளத்தார் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து 'தொபுக்' என்று குதித்தும் பார்த்தார்கள். அடியாழத்தில் இருந்தவர் காதில் அது விழவே இல்லை.

மறுநாள் அந்தி சாயும் நேரம். 'சோ'வென்று ஒரு பேரிரைச்சல். ராயர் பின்வாசலில் தலையை நீட்டினார். "என்ன சத்தம்? மக்கள் என்னை வாழ்த்துகிறார்களா?"

ஓணான் தலையை ஆட்டியது. ராயர் நிம்மதியாகப் போய்த் தூங்கினார்.

விடிந்து வெளியே வந்தால், மூன்றாம் திருப்பம் இருந்த இடத்தில் கரையே இல்லை. குளத்தில் தண்ணீர் இல்லை. மீன்களும் தவளைகளும் வெள்ளத்தோடு கீழே பள்ளத்துக் குளத்துக்குப் போய்விட்டிருந்தன. மடைக்கல் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

ராயர் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். "செவந்தான்! இனி யாராலும் என்னை இறக்க முடியாது. குதிக்கத் தண்ணீரே இல்லையே! இதைவிடப் பாதுகாப்பான ஆட்சி உண்டா?"

ஓணான் தலையை ஆட்டியது. அதற்குள் கல்மேல் ஒரு நிழல் விழுந்தது. நீண்ட அலகுள்ள நிழல். கொக்கு!

முன்பெல்லாம் கொக்கு வந்தால் தவளைகள் கத்தி ஊரையே எழுப்பிவிடும். இன்று கத்த ஓர் ஆள் இல்லை. "நீயாவது சொல்லக் கூடாதா?" என்று அலறிக்கொண்டு ராயர் ஓடினார்.

"நான் என்றைக்கய்யா பேசினேன்? தலை ஆடுவது என் பிறவிக் குணம்!" என்றது ஓணான்.

ஒரு காலைக் கொக்குக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் ஏழு காலோடு ராயர் பள்ளத்துக் குளம் போய்ச் சேர்ந்தார். அங்கே கல்மேல் தத்தக்கா உட்கார்ந்து குறை கேட்டுக்கொண்டிருந்தாள். ராயர் வரிசையில் கடைசியாகப் போய் நின்றார்.

"உமக்கு என்ன குறை?"

"ஒண்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும், தாயே."

"வளையா?"

"ஐயோ, கரைப் பக்கமே போக மாட்டேன்! நாலு பேர் இருக்கிற இடத்தில் ஓர் ஓரம் போதும்!"

தத்தக்கா அவரைப் பாசி அள்ளும் வேலையில் சேர்த்துக்கொண்டாள்.

ஊரைக் காக்கிறவனுக்கு ஊரே காவல். பதவியை மட்டும் காக்கிறவனுக்கு ஊரும் மிஞ்சாது, பதவியும் மிஞ்சாது.