எதிரிக்கு வால், குட்டிக்கு முகம்

சத்தியம், சத்தியம், மூன்று தரம் சத்தியம்! என் வாயில் மிச்சமிருக்கிற இரண்டு கடைவாய்ப் பற்களின் மேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய்யென்றால் அவை இரண்டும் இன்றைக்கே உதிரட்டும். இதை எனக்குச் சொன்னது ஓர் ஒட்டுமீன். திமிங்கிலத்தின் வயிற்றில் ஒட்டிக்கொண்டே காலம் தள்ளுகிற மீன் அது. ஊர் சுற்றி வம்பு பொறுக்க வழியில்லாத பிறவி. அது எதற்குப் பொய் சொல்லப் போகிறது?

இலங்கைக்குக் கிழக்கே, அடி தெரியாத நீலக்கடலில் பதினொரு திமிங்கிலங்கள் கூட்டமாக வாழ்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு தேர் அளவு. அன்று விடியற்காலையில் நீலி என்ற திமிங்கிலம் ஒரு குட்டி ஈன்றிருந்தது. குட்டிக்கு மூச்சடக்கத் தெரியாது, ஆழத்துக்கு முங்கத் தெரியாது. பால் குடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

நீலியின் தம்பி கொண்டல், குட்டியை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, தலை அப்படியே தாய்மாமன் மாதிரி."

"தலைக்கு உள்ளே மாமன் மாதிரி இல்லாமல் இருந்தால் சரி" என்றாள் சங்கம்மா. கொண்டலுக்குப் பெரியம்மா முறை. அவள் வாலில் ஒரு மூலை இல்லை. நாக்கு மட்டும் முழுசாக இருந்தது.

வெயில் ஏறும்போது ஓர்க்காக்கள் வந்தன. கருப்பும் வெள்ளையுமாகப் பதினைந்து. திமிங்கிலத்தையே கூட்டமாக வேட்டையாடுகிற கடல் சாதி. தலைவன் பெயர் கத்திமுதுகன். அவன் முதுகுத் துடுப்பே ஆள் உயரம் நின்றது. அவர்களுக்கு வேண்டியது குட்டி.

ஆழத்துக்குள் முங்கி ஓடிவிடலாம். ஆனால் குட்டி மேலேயே நின்றுவிடுமே!

சங்கம்மா மண்டைக்குள்ளிருந்து 'டக், டக், டக்' என்று ஒலி கொடுத்தாள்; வட்டம் கட்டச் சொல்லும் சைகை அது. அவ்வளவுதான். குட்டியை நடுவில் விட்டு, பதினொரு திமிங்கிலங்களும் தலைகளை உள்ளே சேர்த்தன. வால்களை வெளியே நீட்டின. கடலின் மேல் பதினொரு இதழ் உள்ள கருப்புப் பூ ஒன்று விரிந்தது. மேலே பறந்த கடற்காகம் சிறகடிக்க மறந்து அந்தரத்திலேயே நின்றுவிட்டதாம்.

"பெரியம்மா, வந்திருப்பவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டா நிற்பது?" என்றான் கொண்டல்.

"முதுகு இல்லடா, வால். பேசாமல் நில்."

முதலில் ஓர் ஓர்க்கா பாய்ந்தது. ஒரு வால் எழுந்து இறங்கியது. பாய்ந்த ஓர்க்கா தேங்காய் மட்டை மாதிரிப் பறந்தது. மறுநாள்தான் கீழே விழுந்ததாம். அதற்குப் பிறகு யாரும் கிட்டே வரவில்லை.

கத்திமுதுகன் யோசித்தான். தூர நின்று குரல் கொடுத்தான்.

"இந்தக் கூட்டத்தில் தாய்மாமன் யாரப்பா?"

"நான்தான். என்ன வேண்டும்?" என்றான் கொண்டல்.

"அட, நீயா! வால் பேசுகிறதே என்று பார்த்தேன். அக்காள் பிள்ளைக்கு ஆபத்து, மாமன் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான். உனக்கு முகம் என்று ஒன்று உண்டா?"

"பதில் சொல்லாதே" என்றாள் சங்கம்மா.

கொண்டல் பதில் சொல்லவில்லை. வட்டத்தை விட்டு வெளியேயே போய்விட்டான்.

முகத்தைக் காட்டினான். ஆனால் திரும்பிய பக்கமெல்லாம் பல். ஆறு பேர் அவனைக் கவ்வித் தூர இழுத்துப் போனார்கள். மற்றவர்கள் அவன் விட்டுப்போன இடத்துக்குப் பாய்ந்தார்கள். நீலி நகர்ந்து அந்த இடைவெளியை அடைத்தாள். தோளில் கடி வாங்கினாள். நகர்ந்த இடத்தை விடவில்லை.

"நீலி, நீ குட்டியோடு இரு. மணியாள், நீ என்னோடு வா" என்றாள் சங்கம்மா. மணியாள் அவளுடைய தங்கை.

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். வட்டத்தில் எட்டு வால்தான் மிச்சம்.

கத்திமுதுகனுக்கே திகைப்பாகிவிட்டது. "கிழவி, அவன் தானாகத்தானே போனான்? விட்டுவிட்டால் உன் மேல் ஒரு கீறல் விழாதே!"

"பதினொன்று இருந்தால் வட்டம். ஒன்று குறைந்தால் அது வாசல்" என்று சொல்லிக்கொண்டே அவனைத் தாண்டிப் போனாள் சங்கம்மா.

கொண்டலுக்கு இடப்பக்கம் அவள், வலப்பக்கம் மணியாள். நடுவில் அவனை அணைத்து, அவன் மேல் விழவேண்டிய கடிகளை எல்லாம் தங்கள் மேல் வாங்கிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக வட்டத்துக்குத் தள்ளினார்கள். சங்கம்மாவின் வாலில் மறு மூலையும் போயிற்று. எட்டு வால்களும் ஒதுங்கி வழிவிட்டன. மூன்று பேரும் உள்ளே தலையைக் கொடுத்தார்கள். வட்டம் மூடிக்கொண்டது.

அப்போதுதான் கொண்டல் நிமிர்ந்து பார்த்தான். நடுவில் குட்டி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்கு ஒரு சொந்த முகம். சித்தி முகம், அம்மா முகம், இப்போது மாமன் முகம். வெளியே எதிரி நிற்பதே அதற்குத் தெரியவில்லை.

கொண்டல் வாலை ஓங்கினான். அவன் வால்தான் பேசியது. வெயில் சாயும்வரை பேசியது. கடைசியில் கத்திமுதுகனின் துடுப்பு மடங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது.

ஓர்க்காக்கள் திரும்பிப் போயின. வழியில் கத்திமுதுகன் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான்: "நம்மில் ஒருத்தன் மாட்டியிருந்தால், நாம் அவனை மீட்கத் திரும்பிப் போயிருப்போமா?"

பக்கத்தில் இருந்தவன் காது கேளாதவன் போல நீந்தினான்.

"பெரியம்மா, உங்கள் வால்..." என்று இழுத்தான் கொண்டல்.

"இப்போதுதான் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. பிள்ளைக்கு வழிவிடு, பால் குடிக்கட்டும்" என்றாள் சங்கம்மா.

தனியே முன்னால் போய் முகம் காட்டுவதைவிட, தன் இடத்தை விடாமல் நிற்பதும், இடம் தவறியவனைத் திரும்ப அழைத்து வருவதுமே பெரிய வீரம்.

கேட்டீர்கள் அல்லவா? யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் வாய் திறக்காதீர்கள். ஒட்டுமீனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதோடு, எனக்கு இருப்பது இரண்டே பல்.