சிவப்பனின் பொன்னாடை

ஓர் உடம்பில் சிவப்பன் என்று ஒரு சுமைகாரன் இருந்தான். பிறந்தது இடுப்பெலும்புக்குள். தொழில் காற்றைச் சுமப்பது. நுரையீரலில் மூட்டையை ஏற்றுவான். மூளை, கை, கால், காதுமடல் என்று ஒரு வாசல் விடாமல் இறக்குவான். மறுபடி ஏற்ற ஓடுவான். கூலி கிடையாது, லீவு கிடையாது, உட்கார ஓரிடம் கிடையாது. அதை அவன் ஒரு குறையாகச் சொன்னதும் கிடையாது. சுமைகாரர்களுக்கு ஆயுசே நாலு மாதம்தான். அதில் குறை சொல்லிக்கொண்டு வேறு திரிய முடியுமா?

அந்த உடம்புக்கு உடையவர் ஆறுமுகநயினார். திருநெல்வேலிப் பக்கம் எந்த விழா நடந்தாலும் வரவேற்புரை அவர்தான். அவர் பேசி முடிப்பதற்குள் வந்தவர்களுக்கு எல்லாம் தாங்கள் பெரிய மனிதர்கள் என்ற எண்ணம் வந்துவிடும். பேச்சு முடிந்ததும் ஒரு பொன்னாடை, ஒரு இனிப்புப் பெட்டி. பொன்னாடைகள் பீரோவில் அடைந்து கிடந்தன. இனிப்பு மட்டும் ஒரு நாளும் வீடு வரைக்கும் வந்து சேர்ந்ததில்லை.

உடையவர் எப்படியோ உடம்பும் அப்படி. ரத்தத் தெருவில் சீனி அண்ணாச்சி என்று ஒரு பெரிய மனுஷர் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பளபளவென்று ஒரு முகம். யாரைக் கண்டாலும் கை கூப்புவார்.

சிவப்பன் பிறந்து தெருவுக்கு வந்த முதல் நாளே அவனைப் பிடித்துக்கொண்டார்.

"வாரும் தம்பி, வாரும்! ஊருக்கே மூச்சு சுமக்க வந்த மகராசன்! உமக்கு ஒரு மரியாதை செய்யாட்டா எனக்குத் தூக்கம் வருமா?"

தம் மேலிருந்தே ஒரு துண்டு எடுத்து அவன் முதுகில் பொன்னாடையாகப் போர்த்தினார். சிவப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூட்டையை ஏற்றப் போன இடத்தில், கழற்றி வைக்கலாம் என்று இழுத்துப் பார்த்தான். வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது.

"கழத்தவா போத்துதோம்?" என்று சிரித்தார் அண்ணாச்சி. "ஆயுசுக்கும் உமக்குத்தான் தம்பி."

உண்மையில் சீனி அண்ணாச்சி தெருவில் நிற்க வேண்டியவரே இல்லை. உடம்பில் ஒவ்வொரு வீட்டிலும் அவரை எதிர்பார்த்து அடுப்பு காத்திருந்தது. கதவைத் திறந்துவிட இன்சுலின் என்று ஒரு சாவிக்காரர் உண்டு. அவர் பல வருஷமாக ஓடி ஓடி இளைத்துப் போனார்; பூட்டுகளும் துருப்பிடித்து அவர் பேச்சைக் கேட்பதில்லை. அண்ணாச்சி வந்துகொண்டே இருந்தார், கதவு திறக்கவில்லை. தெரு முழுக்க அவரும் அவர் பங்காளிகளுமாக நின்றார்கள். நிற்கிற மனுஷர் சும்மா நிற்பாரா? போகிறவர் வருகிறவருக்கெல்லாம் மரியாதை செய்தார்.

உலகம்மாள், அதாவது ஆறுமுகநயினாரின் மனைவி, விடாமல் நச்சரித்ததால் அவர் அவ்வப்போது சுகர் டெஸ்ட் எடுப்பார். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால் வாயைக் கட்டுவார். பாகற்காய்ச் சாறு, கம்பங்கூழ், காலையும் மாலையும் நடை. சாவிக்காரரும் தம் கட்டி நாலு கதவைத் திறந்துவிடுவார். தெரு கொஞ்சம் காலியாகும்.

"டெஸ்ட்காரன் தெருவுல நிக்கிறவங்களைத்தான் எண்ணுவான்" என்று அண்ணாச்சி தம் ஆட்களுக்குச் சொல்வார். "முதுகுல ஒட்டினதை எண்ண அவனுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் ஒதுங்கி நில்லுங்கலே."

முடிவு நல்லபடியாக வரும். ஆறுமுகநயினார் லேப் வாசலிலேயே உலகம்மாளுக்குப் போன் போடுவார். "உனக்குத்தான் வீண் பயம். எனக்குச் சுகரும் இல்ல, ஒரு எழவும் இல்ல." பிறகு எதிர்க் கடையில் அல்வா.

இந்தக் கூத்தைச் சிவப்பன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. வேடிக்கை நின்றது, கீழ்த்தாடைத் தெருவில் சுமை இறக்கப் போன ஒரு காலை வேளையில்.

அங்கே கடைசி வீடு ஒரு கடைவாய்ப்பல். வெகு நாளாகச் சொத்தை. ஆறுமுகநயினார் அதில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு காலத்தை ஓட்டினார். பல்லுக்குள் குடியிருந்த கிருமிகள் இப்போது வேரைத் துளைத்து, எலும்பையும் துளைத்து, தாடைக்கு அடியில் சீழ்க் கொட்டகை போட்டிருந்தார்கள். மேலே உலகம்மாள் வைத்த உப்பு ஒத்தடம் வேறு இதமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நல்ல சூடு" என்றான் ஒரு கிருமி. "அப்படியே கழுத்துப் பக்கம் இறங்கினா இன்னும் விசாலமா இருக்குமாம்லா?"

சிவப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கழுத்து வீங்கினால் மூச்சுக்குழாய் நசுங்கும். மூச்சுக்குழாய் நசுங்கினால் சுமக்க மூட்டை ஏது? மூட்டை இல்லையென்றால் மூளை அடுப்பு அணையும், இதயம் நிற்கும். அத்தோடு உடையவர் கதை முடிந்தது.

தெருக்கோடியில் காவல்காரன் வெள்ளைச்சாமி சுவரில் சாய்ந்திருந்தான். ஒரு காலத்தில் கிருமியின் வாசனை பட்டாலே பாய்கிற ஆள்.

"வெள்ளைச்சாமி அண்ணே! எந்திரிங்க! கடைசி வீட்டுல கூட்டம் கூடிட்டு!"

"தெரியும்லே... வாரேன்..." என்றான் வெள்ளைச்சாமி. எழுந்தான், இரண்டடி வைத்தான், உட்கார்ந்துவிட்டான். "கால் வர மாட்டேங்குது. தெரு பூரா பிசுபிசுன்னு இருக்கு. அண்ணாச்சி வேற பாக்கும்போதெல்லாம் வாயில ஒரு லட்டைத் திணிச்சிருதாரு. வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்குமா?"

சிவப்பனுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் பெருமையாகச் சுமந்த பொன்னாடை அப்போதுதான் கனத்தது.

அன்றே ஆறுமுகநயினாரின் வாய் பூட்டிக்கொண்டது. ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. தாடைக்கு அடியில் கல்லாய் ஒரு வீக்கம். உலகம்மாள் வாதாடவே இல்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டாள்.

அங்கே முகத்தாடை அறுவைச் சிகிச்சை டாக்டர் பெனிட்டா. முகம் வீங்கி வருகிறவர்களுக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவு என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அதனால் யார் வந்தாலும் விரல் நுனியில்தான் அவளுக்கு முதல் கண். குத்திப் பார்த்தாள். சர்க்கரை எக்கச்சக்கம்.

"ஐயா, இன்னைக்கே கீறி சீழை எடுக்கணும். பல்லையும் எடுத்திரணும். சுகர் குறைய ஊசி போட்டு ஆஸ்பத்திரியிலேயே வச்சுப் பாக்கணும்."

ஆறுமுகநயினார் பல் இடுக்கு வழியாகப் பேசினார். "ஊசி மாத்திரை குடுங்க, போதும். நாளைக்கு ஒரு மணிவிழா. நான்தான் வரவேற்புரை. அதை முடிச்சிட்டு வாரேன். எனக்குச் சுகர் கிடையாது டாக்டர். போன வாரம்கூட பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. இது காய்ச்சல்ல ஏறுனது."

"காய்ச்சல்ல ஏறும், உண்மைதான்" என்றாள் பெனிட்டா. "ஆனா இது நேத்து வந்த விருந்தாளியா, ரொம்ப நாளா குடியிருக்கிற ஆளான்னு தெரியணும். இன்னொரு சொட்டு குடுங்க."

அவள் மேசையில் ஆராய்ச்சிக்காக வாங்கிய ஒரு சின்ன மெஷின் இருந்தது.

விரல் நுனித் தெருவில் விஷயம் பரவிவிட்டது. சீனி அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"தம்பி, இந்த மெஷின் வேற மாதிரி. இது தெருவுல நிக்கிறவனை எண்ணாது. சுமைகாரனைக் கரைச்சு, அவன் மேல ஒட்டினதை எண்ணும். போனா திரும்ப முடியாது. ஒதுங்கிக்கிடும்."

சிவப்பன் யோசித்தான். அவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருந்தது. ஓடினால் நுரையீரலுக்கே ஓடிவிடலாம். ஆனால் அன்று காலை நுரையீரலில் மூட்டைகள் சிறுத்துப்போய் வந்ததை அவன் கண்ணால் பார்த்திருந்தான்.

"என்னைக் காட்டிக் குடுக்கப் போறீரா?" என்றார் அண்ணாச்சி. "உமக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

"உம்மைக் காட்டிக் குடுக்கல அண்ணாச்சி. என் முதுகைக் காட்டப் போறேன்."

"நான் கெட்டவனா தம்பி?"

சிவப்பனுக்குப் பாவமாக இருந்தது. "இல்ல அண்ணாச்சி. உமக்குப் போக இடம் இல்ல. அதை வெளியே சொல்ல ஆளும் இல்ல. நான் போய்ச் சொல்லுதேன். கதவு திறந்தா நீரும் வீடு போய்ச் சேரலாம்."

அண்ணாச்சி முதல் தடவையாக யாருக்கும் கை கூப்பாமல் வழி விட்டார். ஊசி இறங்கியது. சிவப்பன் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போய்ச் சொட்டில் நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் வயசுச் சுமைகாரர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு பொன்னாடை.

உள்ளே மெஷின் கறாரான குரலில் கேட்டது. "உண்மையைச் சொல்லணும்னா கரையணும். சம்மதமா?"

"மூச்சை மட்டும்தான் சுமந்து பழக்கம்" என்றான் சிவப்பன். "இன்னைக்கு ஒரு சேதி. ஆகட்டும்."

கரையக் கரைய அவனுக்கு முதுகு லேசாயிற்று. வெளியே பேச்சுக் குரல் மட்டும் மங்கலாகக் கேட்டது. ஓர் எண் வந்திருக்க வேண்டும். பெனிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி மட்டும் வாயைக் கட்டுவீங்களோ?"

ஆறுமுகநயினார் திடுக்கிட்டார். "யார் சொன்னா?"

"உங்களுக்குள்ள இருக்கிற ஒருத்தர்தான். ஒரு நாள் ரெண்டு நாள் கதை இல்லை, மூணு மாசக் கதையும் சொல்லிட்டார்."

அவர் உலகம்மாளை முறைத்தார்.

"என்னை எதுக்குப் பாக்கியோ?" என்றாள் அவள். "உங்களுக்குள்ள நான் இருந்திருந்தா ஒரு லட்டு உள்ள வந்திருக்குமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கப் போனவருக்குப் புரை ஏறியது. எச்சிலை விழுங்க முடியவில்லை, கடைவாயில் வழிந்தது. நாக்கு மேலே தள்ளிக்கொண்டு வந்து மூச்சு கீச்சென்றது. ஆயிரம் பேருக்கு முன்னால் ஒரு நாளும் பயப்படாத மனுஷர் படுக்கை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உலகம்மாளின் கையை எட்டிப் பிடித்தார்.

"கீறுங்க டாக்டர்" என்றார். "இப்பமே கீறுங்க."

அதைக் கேட்டுவிட்டுத்தான் சிவப்பன் முழுக்கக் கரைந்தான்.

கீறினார்கள். சீழ் வெளியே வந்தது. சொத்தைப் பல் தட்டில் விழுந்தது. சாவிக்காரருக்குத் துணையாக வெளியிலிருந்து நல்ல திடமான சாவிக்காரர்கள் ஊசி வழியாக வந்தார்கள். கதவுகள் திறந்தன, சீனி அண்ணாச்சி வீடு வீடாகப் போய் அடுப்புக்கு முன் உட்கார்ந்தார், தெரு நெரிசலில்லாமல் சுத்தமாயிற்று. வெள்ளைச்சாமி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கழுத்துப் பக்கம் இறங்கப் பார்த்த கிருமிகளுக்கு அவன் கொடுத்த வரவேற்பை ஆறுமுகநயினாராலும் கொடுத்திருக்க முடியாது.

மணிவிழாவில் வேறு யாரோ வரவேற்றார்கள். ஆறுமுகநயினார் கழுத்தில் சீழ் வடிய ஒரு ரப்பர் குழாயும் கட்டுமாகப் படுத்திருந்தார். வாய் மெல்லத் திறக்க ஆரம்பித்ததும் அவர் முதலில் கேட்டது அதைத்தான்.

"டாக்டர், என்னைப் பத்திச் சொன்னது யாரு?"

"உங்க ரத்தத்துல ஒரு சிவப்பணு. ஒருத்தர் இல்லை, ஒரு சொட்டு நிறைய. நாலு மாசமா உங்களுக்கு மூச்சு சுமந்தவங்க. நீங்க சாப்பிட்ட இனிப்பு அவங்க மேல ஒட்டியிருந்துச்சு. உதற முடியாது பாருங்க."

"இப்ப எங்க அவங்க?"

"கரைஞ்சு போயிட்டாங்க. கரைஞ்சாத்தான் சொல்ல முடியும்."

ஆறுமுகநயினார் தம் விரல் நுனியைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. உலகம்மாளும் கேலி செய்யவில்லை.

"இன்னைக்குப் புதுசா பிறந்தவங்களும் உள்ள இருப்பாங்க, இல்லையா?" என்றார்.

"எண்ணி முடியாது. அவங்க முதுகு இப்போதைக்குச் சுத்தமாத்தான் இருக்கும்."

"அப்ப அவ்வளவு பேருக்கும் நான் பதில் சொல்லணுமா டாக்டர்?"

"நீங்க சொல்ல வேண்டாம் ஐயா" என்றாள் பெனிட்டா. "மூணு மாசம் கழிச்சு வாங்க. அவங்களே சொல்லுவாங்க."